நாற்றமில்லா மலக்குழி வண்டி மக்கர் செய்தால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் கழற்றுவது

நீங்கள் 1880 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் குதிரை வண்டி, அதன் மேல் மூடிய டேங்க், டேங்கின் உச்சியில் ஒரு சின்ன மரக்கரி அடுப்பு. குழியிலிருந்து ஹோஸ் வருகிறது, நடுவில் கைப்பம்ப், இரண்டு பேர் மாறி மாறி அடிக்கிறார்கள். இயந்திரத்தின் பெயரே 'ஓடர்லெஸ் எக்ஸ்கவேட்டிங் அப்பரேட்டஸ்', அதாவது நாற்றமில்லாமல் அள்ளும் கருவி. ராத்திரியில் வாளியும் கயிறுமாக வந்து தெருவையே எழுப்பிவிட்டுப் போனவர்கள் இனி பட்டப்பகலில் வரலாம் என்பதுதான் இதை விற்றவர்கள் சொன்ன பெரிய பெருமை. சரி, பட்டப்பகலில் வந்து நின்று, பம்ப் இழுக்கவில்லை என்றால்? அடுப்பு அணைந்தால்? வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினால்?

பம்ப் வேலையில் கொஞ்ச காலம் கைவைத்தவன் என்பதால் எனக்கு இந்த இயந்திரங்கள் மேல் ஒரு தனிப் பிரியம். பழைய வண்டியைச் சீர்செய்கிறவர்களுக்கும், சின்னதாக ஒரு மாதிரி செய்து ஓட்டிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கும், சும்மா தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: காற்று எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது? சரக்கை, அதாவது குழியில் இருப்பதை, துரத்தாதீர்கள், காற்றைத் துரத்துங்கள். பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பால்டிமோர் பக்கத்தில் அதிகம் ஓடியது தள்ளும் வகை. பம்ப் தரையில், குழிக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும்; சரக்கு பம்ப் வழியாகவே போய் டேங்கில் விழும்; உள்ளே இருந்த காற்று அடுப்பு வழியாக வெளியேறும். பாரிசில் பேர்போனது உறிஞ்சும் வகை. அதில் பம்ப் டேங்கின் காற்றை மட்டும் வெளியே எடுக்கும், கைப்பம்போ நீராவிப் பம்போ; வெற்றிடம் உண்டானதும் வால்வைத் திறந்தால் வெளிக்காற்றின் அழுத்தமே குழியில் இருப்பதை ஹோஸுக்குள் தள்ளி ஏற்றிவிடும். பம்புக்குள் அசிங்கம் போகவே போகாது, அல்லது போகக் கூடாது. இன்றைக்கு நம் தெருவுக்கு வரும் செப்டிக் டேங்க் லாரி இந்த இரண்டாவது வகையின் பேரன்தான். குதிரைக்குப் பதில் டீசல், அவ்வளவுதான்.

அறிகுறி: அடித்துக்கொண்டே இருக்கிறோம், ஒன்றும் வரவில்லை, கை லேசாக ஓடுகிறது

கை லேசாக ஓடுகிறது என்றால் பம்ப் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். எங்கேயோ ஓட்டை. உடனே எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிவிடாதீர்கள், இந்தத் தப்பை எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிறோம். இயந்திரத்தை இரண்டாகப் பிரித்துச் சோதியுங்கள். உறிஞ்சும் வகையில் டேங்கின் சரக்கு வால்வை மூடிவிட்டு, ஹோஸை மறந்துவிட்டு, பம்பை மட்டும் அடியுங்கள். கேஜ், அதாவது டேங்கின் வெற்றிடத்தைப் பாதரசச் சென்டிமீட்டரில் காட்டும் மானி, ஏறி, கையை எடுத்த பிறகும் அப்படியே நின்றால் டேங்கும் பம்பும் சுத்தம், ஓட்டை ஹோஸ் பக்கம். கேஜ் ஏறி, கையை எடுத்ததும் மெல்ல இறங்கினால் டேங்கில் கசிவு. மூடியின் வாஷர், ஆணியடித்த இணைப்புகள், வால்வின் இருக்கை, இந்த வரிசையில் பாருங்கள். கேஜ் ஏறவே இல்லை என்றால் பம்பின் உள்ளே பக்கெட் வாஷர், அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள தோல் வளையம், காய்ந்துபோயிருக்கும்.

தோல் வாஷர்தான் அந்தக் காலத்தின் பெரிய தலைவலி. இரண்டு வாரம் வண்டி சும்மா நின்றால் தோல் காய்ந்து சுருங்கி, சிலிண்டர் சுவரை விட்டு விலகிவிடும். கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, துணியால் ஒற்றி எடுத்து, உருக்கிய கொழுப்பைத் தடவி, கைவிரலால் ஓரத்தை வெளிப்பக்கமாக நீவிவிட்டு மறுபடி போடுங்கள். கிராமத்துக் கைப்பம்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அவசரத்துக்குப் பம்பின் தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடித்தாலும் கொஞ்ச நேரம் ஓடும், ஆனால் அதை நம்பி ஒரு குழியை ஆரம்பிக்காதீர்கள்.

ஹோஸ் பக்கம்தான் ஓட்டை என்றால் முதல் சந்தேகம் கப்ளிங். ஒவ்வொரு வீட்டிலும் கழற்றி மாட்டுகிற இடம் அது. மண்ணும் முடியும் சேர்ந்து வாஷர் உட்காராது. எங்கள் பக்கத்தில் செப்டிக் லாரி ஓட்டுகிற ஒருவர் செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்: உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, மாட்டிய கப்ளிங்கைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் கொண்டுபோவார், ஒரு இடத்தில் கை நிற்கும், முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு, "இங்கதான் இழுக்குது" என்று அந்த இடத்தில் ஈரத் துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார். ஈரமான தோலுக்குக் காற்றோட்டம் சில்லென்று தெரியும். 1880க்கும் இது பொருந்தும். மெழுகுவர்த்திச் சுடர் ஓட்டையைப் பார்த்துச் சாய்கிறதா என்று பார்க்கிற முறையும் உண்டு. அதைக் கொட்டகையில், கழுவிக் காயவைத்த டேங்கோடு மட்டும் செய்யுங்கள். குழி ஓரத்தில் நெருப்பு காட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே வருகிறேன்.

தள்ளும் வகையில் கசிவு வேறு மாதிரி. பம்புக்கு முன்னால் உள்ள ஹோஸில் ஓட்டை இருந்தால் காற்றை இழுக்கும். பம்புக்குப் பின்னால் உள்ள ஹோஸில் ஓட்டை இருந்தால் சரக்கைத் துப்பும். முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, பின்னால் இருப்பதைக் கண்டுபிடிக்க யாருடைய உதவியும் தேவைப்படாது.

அறிகுறி: கேஜ் நன்றாக ஏறுகிறது, கை கனமாக இருக்கிறது, ஆனாலும் ஒன்றும் வரவில்லை

இது நேர் எதிர். காற்று எங்கும் கசியவில்லை, வழிதான் அடைத்திருக்கிறது. ஹோஸின் வாயில் கந்தல் துணி, எலும்பு, உடைந்த பீங்கான், வைக்கோல் என்று எது வேண்டுமானாலும் சிக்கியிருக்கலாம். மலக்குழிதான் வீட்டுக் குப்பைத்தொட்டியும் கூட, எந்த ஊரானாலும். வாயில் வலைக்கூடை இருந்தால் அது அடைக்கும். இல்லாவிட்டால் பம்பின் வால்வு அடைக்கும். இரண்டில் கூடை அடைப்பதே மேல், வெளியே எடுத்துக் குச்சியால் தட்டினால் போதும்.

கூடை சுத்தமாக இருந்தும் வரவில்லையா? ஹோஸின் உள்தோலைச் சந்தேகியுங்கள். ஹோஸ் வெளியிலிருந்து பார்க்க நல்ல உருண்டையாக இருக்கும். உள்ளே ரப்பர் படலம் துணியைவிட்டுப் பிரிந்து, உறிஞ்சும்போது மட்டும் நாக்கு மாதிரி மடிந்து வழியை மூடிக்கொள்ளும். உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் குச்சி விட்டுப் பார்த்தால் தாராளமாகப் போகும், அதனால் ஹோஸ் நல்லது என்று முடிவுகட்டிவிடுவோம். ஒரு லாரி ஹோஸில் இப்படி ஒரு முழு நாளைத் தொலைத்தவன் நான். கடைசியில் பொறுமை போய்க் கத்தியால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு முழம் நீளத்துக்குப் படலம் உரிந்து கிடந்தது. சோதனை சுலபம்: அதே ஹோஸைச் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் போட்டு உறிஞ்சிப் பாருங்கள். தண்ணீரும் திணறினால் ஹோஸ் போய்விட்டது. உள்ளே கம்பிச் சுருள் வைக்காத ஹோஸை உறிஞ்சும் பக்கம் மாட்டியிருந்தாலும் இதே கதைதான், அது பட்டை அடித்த மாதிரி தட்டையாகிவிடும்.

இன்னொன்று ஆழம். வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டருக்கு மேல் ஏற்றாது, எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும். கேஜில் பாதரசம் 10 சென்டிமீட்டர் என்றால் 1.36 மீட்டர் தண்ணீர் ஏறும் என்று கணக்கு. கேஜ் 40 காட்டினால் 5.4 மீட்டர். அதுவும் வெறும் தண்ணீருக்கு; சகதி தண்ணீரைவிடக் கனம், ஹோஸின் உராய்வு வேறு. பாரிசில் குழிகள் பெரும்பாலும் வீட்டின் அடித்தளத்துக்கும் கீழே இருந்தன, வண்டி நின்றதோ தெருவில். குழியின் ஆழம், தெருவின் மட்டம், வண்டியின் உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் 6 மீட்டரைத் தாண்டினால் பம்பைத் திட்டாதீர்கள். தள்ளும் வகைப் பம்பாக இருந்தால் அதைக் குழியின் பக்கத்திலேயே தாழ்வாக இறக்கி வையுங்கள், உறிஞ்சுவது கஷ்டம், தள்ளுவது சுலபம்.

அறிகுறி: நன்றாக வந்துகொண்டிருந்தது, டேங்க் பாதி நிறைந்ததும் நின்றுவிட்டது

எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு இதுதான், ஏனென்றால் எதுவுமே கெட்டிருக்காது. கொட்டகையிலேயே டேங்கின் காற்றை எடுத்து, வால்வை மூடி, காலி டேங்கை 'ஏற்றிய' டேங்காகக் கொண்டுவருகிற முறையில் இது வரும். குழியிடம் வந்து வால்வைத் திறந்ததும் சரக்கு பாய்ந்து வரும், எல்லோருக்கும் சந்தோஷம், பாதியில் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். டேங்க் 2,000 லிட்டர், கேஜ் 50 சென்டிமீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் 76 என்றால் உள்ளே இன்னும் 26 பங்கு காற்று மிச்சம் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு. சரக்கு ஏற ஏற அந்த மிச்சக் காற்று நெருங்கி, அதன் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 3 மீட்டர் ஏற்றவேண்டிய குழி என்றால் அதற்கே 22 சென்டிமீட்டர் வேண்டும்; ஆகவே உள்ளே அழுத்தம் 54 சென்டிமீட்டரைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது, வெளிக்காற்றால் இனி தூக்க முடியாது. 26ஐ 54ஆல் வகுத்தால் 0.48. அதாவது டேங்கின் 48 சதவீதம் இன்னும் காற்றுதான். 2,000 லிட்டர் டேங்கில் ஆயிரத்துச் சொச்சம்தான் சரக்கு. ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 17ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன விதி, பாரிஸ் தெருவில் வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

கொட்டகையிலேயே கேஜை 70 வரை ஏற்றினால் இதே டேங்கில் கிட்டத்தட்ட 1,780 லிட்டர் வரும். 50க்கும் 70க்கும் வித்தியாசம் வெறும் 20 சென்டிமீட்டர்தான், ஆனால் சரக்கில் 700 லிட்டருக்கு மேல். 70 வரை ஏற்ற முடியாத பம்ப் என்றால் குழியின் பக்கத்தில் வைத்தே தொடர்ந்து அடித்துக்கொண்டிருக்க வேண்டும், வேறு வழியில்லை. குழியில் மட்டம் இறங்க இறங்க ஏற்ற உயரம் கூடுவதையும் மறக்காதீர்கள், முதல் வண்டி நிறைந்த அளவு மூன்றாவது வண்டி நிறையாது.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் நாறுகிறது

இதற்குத்தானே இவ்வளவு செலவு. டேங்குக்குள் 2,000 லிட்டர் சரக்கு போனால் 2,000 லிட்டர் கெட்ட காற்று வெளியே வந்தே தீரும். அதை யாராலும் தடுக்க முடியாது, வழியை மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம். அந்த வழி அடுப்பு. கனன்றுகொண்டிருக்கும் மரக்கரிக்குள் புகுந்து வரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு எரிந்து கந்தக டை ஆக்சைடாக மாறும். ஆகவே மூக்கை வைத்தே அடுப்பைச் சோதிக்கலாம்: தீக்குச்சி உரசினது மாதிரி லேசான காரவாடை வந்தால் அடுப்பு வேலை செய்கிறது. அழுகிய முட்டை வாடை வந்தால் வேலை செய்யவில்லை.

வேலை செய்யாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் சோம்பேறித்தனம். கரி புகைகிறது, கனலவில்லை, மேலே மட்டும் சிவப்பு, அடியில் கறுப்பு, சாம்பல் தட்டவில்லை, நேற்றைய மழையில் கரி நனைந்தது. வண்டி வீட்டுக்கு வருவதற்குக் கால் மணி முன்பே அடுப்பை மூட்டி, கரி முழுக்கச் சிவந்த பிறகுதான் பம்பைத் தொட வேண்டும். சிலர் வேகமாக அடித்து முடித்துவிடலாம் என்று பார்ப்பார்கள். காற்று அடுப்புக்குள் சர்ரென்று ஓடிவிடும், எரிவதற்கு நேரமே கிடைக்காது. அடிக்கிற வேகத்தைக் குறைத்தால் நாற்றம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அடுப்பு சிறியது, ஆட்கள் சுறுசுறுப்பு.

நெருப்பே இல்லாமல் கரியை வெறும் வடிகட்டியாக வைப்பதும் உண்டு. ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ் 1854இல் மரக்கரி வைத்த முகமூடி செய்தார், சாக்கடைக் காற்றுப்போக்கிகளுக்கும் கரி வடிகட்டி போடச் சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் டேங்கிலிருந்து வருவது ஈரக் காற்று, கரி சீக்கிரம் நனைந்து செத்துப்போகும். மாற்றிக்கொண்டே இருக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

அடுப்பு சரி, ஆனாலும் நாறுகிறது என்றால் ஹோஸைக் கழற்றுகிற வரிசையைக் கவனியுங்கள். தெருவே நாறுவது பெரும்பாலும் அடிக்கும்போது அல்ல, முடித்துக் கிளம்பும்போதுதான். ஹோஸில் மிச்சமிருப்பது கப்ளிங்கைக் கழற்றியதும் வாசலில் கொட்டும். சரியான வரிசை: முதலில் ஹோஸின் வாயைக் குழியிலிருந்து மேலே தூக்கி, பம்பை நிறுத்தாமல் காற்றை இழுக்கவிட்டு ஹோஸை உலரவையுங்கள், பிறகு ஒரு வாளி சுத்தத் தண்ணீரில் வாயை முக்கி அதையும் இழுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் டேங்க் வால்வை மூடுங்கள், அதற்குப் பிறகுதான் கப்ளிங். கழற்றிய இரண்டு முனைகளுக்கும் உடனே மூடி போடுங்கள். மூடி தொலைந்துவிட்டது என்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கசிவு எங்கே என்றே பிடிபடவில்லையா, ஈய அசிட்டேட் கரைசலில் தோய்த்த தாள் துண்டுகளை ஒவ்வொரு இணைப்பிலும் கட்டித் தொங்கவிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்ட இடத்துத் தாள் பழுப்பாகி, பிறகு கறுக்கும். அந்தக் காலத்து மருந்துக்கடையில் கிடைக்கிற சரக்குதான். தாள் இல்லாவிட்டாலும் வீடே சாட்சி சொல்லும்: வெள்ளீயப் பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டமும் வெள்ளி ஸ்பூனும் இதே வாயுவில் கறுத்துப்போகும்.

குழியை இறைக்கத் தொடங்குவதற்கு முன்பே அதன் நாற்றத்தை அடக்கவும் ஒரு வழி இருக்கிறது, பாரிசில் வழக்கமாகச் செய்தது: அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றிக் கலக்குவது. குழியில் இருக்கும் அம்மோனியம் சல்ஃபைடோடு அது சேர்ந்து கறுப்பான இரும்பு சல்ஃபைடாகவும் அம்மோனியம் சல்பேட்டாகவும் மாறும். நாற்றத்தின் பெரும்பகுதி அங்கேயே கட்டுப்படும், நைட்ரஜனும் உரத்துக்காகத் தங்கும். ஊற்றியதும் மை மாதிரி கறுக்க வேண்டும். கறுக்காமல் வாடை மட்டும் அப்படியே இருந்தால் நீங்கள் ஊற்றியது மேற்பரப்பில்தான் நிற்கிறது, கழியால் அடிவரை கலக்கவில்லை. கலக்கும்போது ஒரு தரம் வாடை குப்பென்று கூடும், அப்போது தலையைக் குழிக்கு மேல் நீட்டாதீர்கள்.

அறிகுறி: கண் எரிகிறது, அல்லது நாற்றம் திடீரென்று காணாமல் போய்விட்டது

பாரிஸ் மலக்குழித் தொழிலாளர்களிடம் இரண்டு வியாதிகளுக்குத் தனிப் பெயரே இருந்தது. கண் சிவந்து, எரிந்து, நீர் கொட்டினால் 'மித்'. அது அம்மோனியாவின் வேலை. அடுப்பு இதற்குப் பெரிதாக உதவாது, அம்மோனியா சுலபத்தில் எரியாது. காற்றோட்டம் உள்ள பக்கமாக ஆட்களை மாற்றுங்கள், கண்ணைத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

இரண்டாவது 'ப்ளோம்'. பிரெஞ்சில் ஈயம் என்று பொருள். ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கி ஆள் அப்படியே சாய்வதற்கு வைத்த பெயர். ழான் நோயல் ஆலே என்ற மருத்துவர் இந்தக் குழி வாயுக்களைப் பற்றி 1785லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார், ஆக இந்த இயந்திரங்கள் வருவதற்கு முன்பே தெரிந்த ஆபத்துதான். இதில் கவனிக்க வேண்டியது மூக்கின் துரோகம். காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவைத் தாண்டினால் இந்த வாயு மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். அதுவரை குடலைப் பிடுங்கிய நாற்றம் சட்டென்று நிற்கும். அப்பாடா என்று மூச்சை இழுத்துவிடுகிற நேரமல்ல அது. எல்லோரும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டிய நேரம்.

அந்தக் காலத்தில் குழிக்குள் மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பார்கள், அணையாவிட்டால் ஆள் இறங்கலாம் என்று நம்பினார்கள். இதை நம்பவே நம்பாதீர்கள். மெழுகுவர்த்தி ஆக்சிஜன் 16 சதவீத அளவுக்குக் குறைந்தால்தான் அணையும். ஹைட்ரஜன் சல்ஃபைடோ ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், அந்த அளவில் மெழுகுவர்த்தி ஜோராக எரிந்துகொண்டிருக்கும். அதுவும் போக, குழியில் மீத்தேன் சேர்ந்திருந்தால் மெழுகுவர்த்தியே வெடி வைத்த மாதிரிதான்.

அறிகுறி: அடுப்பு 'படக் படக்' என்று சத்தம் போடுகிறது

எரியும் வாயு கூடுதலாக வருகிறது, நெருப்பு குழாய் வழியாகப் பின்னோக்கி டேங்கை எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். பம்பை மெதுவாக்குங்கள். ஆனால் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், ஓட்டம் நின்றால்தான் நெருப்பு உள்ளே நடந்து போகும். அடுப்புக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள குழாயில் நெருக்கமான கம்பி வலை போட்டிருந்தால் அது ஓட்டையாகியிருக்கிறதா என்று அடுப்பு ஆறிய பிறகு பாருங்கள். 1815இல் சுரங்க விளக்குக்கு டேவி செய்த வேலைதான் அது, வலை சூட்டை வாங்கிக்கொள்ளும், சுடர் தாண்டாது. வலை இல்லையென்றால் போடுங்கள்.

அறிகுறி: காற்றுப் பம்பிலிருந்து சரக்கு துப்புகிறது

உறிஞ்சும் வகையில் மட்டும். டேங்க் நிறைந்துவிட்டது, அல்லது உள்ளே நுரை பொங்கிவிட்டது. டேங்கின் உச்சியில் மிதவைப் பந்து இருந்தால் அது எழும்பிக் காற்று வழியை மூட வேண்டும். மூடவில்லை என்றால் பந்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்திருக்கும். கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், களக் களக் என்றால் தீர்ந்தது. நிறைவதைக் காட்டும் கண்ணாடி அழுக்கேறிக் கிடந்தால் அதையும் துடைத்துவிடுங்கள். பம்பை அன்றைக்கே பிரித்துக் கழுவ வேண்டும், நாளைக்கு என்று விட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: டேங்க் 'டம்' என்று உள்வாங்குகிறது

நிறுத்துங்கள். காற்றை உள்ளே விடுங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள தட்டையான டேங்க் முகத்தில், கேஜ் 50 காட்டும்போது வெளிக்காற்று சுமார் 5.3 டன் எடையோடு அழுத்துகிறது. உருளையின் பக்கவாட்டுச் சுவர் தாங்கும், தட்டை முகம்தான் முதலில் மடங்கும். உள்ளே குறுக்குக் கம்பி கொடுத்துக் கட்டுங்கள், அல்லது முகத்தைக் குழிந்த தட்டாக மாற்றுங்கள். மரப் பீப்பாயை வெற்றிட டேங்காக மாற்றப் பார்ப்பவர்களுக்கு: பலகை காய்ந்தால் எல்லா இடுக்கிலும் காற்று வரும், கேஜ் ஏறவே ஏறாது. மரம் தள்ளும் வகைக்குத்தான் சரி, அதையும் ஈரம் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: மேலே உள்ளது எல்லாம் வந்துவிட்டது, அடியில் ஒரு அடி சகதி அசையவில்லை

இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. இது இயந்திரத்தின் எல்லை. ஹோஸின் வாய் சகதிக்குள் ஒரு குழி தோண்டிக்கொண்டு காற்றை மட்டும் இழுக்கும். ஏற்கனவே எடுத்த நீர்த்த சரக்கில் கொஞ்சத்தை மறுபடி குழிக்குள் விட்டு, நீளக் கழியால் கலக்கி, ஹோஸின் வாயைச் சாய்வாகப் பிடித்துச் சுவரோரமாக நகர்த்துங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்கு விளம்பரப் படங்களில் யாரும் வரைந்து காட்டாத ஒருவர் வாளியோடு கீழே இறங்குவார். நாற்றமில்லா இயந்திரத்தின் நாற்றமுள்ள பகுதி அவர்தான். ப்ளோம் பெரும்பாலும் ஆளைப் பிடித்ததும் இந்தக் கட்டத்தில்தான், சகதியைக் கிளறும்போது அடைபட்ட வாயு மொத்தமாக விடுபடும். நம் நாட்டில் மனிதர்கள் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் செப்டிக் டேங்கில் இறங்கியவர்களைப் பற்றிய செய்தி நிற்கவில்லை, காரணம் இதே கடைசி ஒரு அடிதான். ஆகவே மிச்சம் இருந்தால் இருக்கட்டும். தண்ணீர் விட்டுக் கலக்கி எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவைக்கு விடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் இன்னொருவர் பின்னால் குதிக்கக் கூடாது. குழியருகே வேலை செய்கிறவர் இடுப்பில் முன்பே கட்டிய கயிற்றால்தான் இழுக்க வேண்டும்.

அறிகுறி: கொட்டுமிடத்தில் டேங்க் காலியாகவில்லை

பாரிசில் சரக்கைக் கொட்டிவந்த மொன்ஃபோகோன் குளம் 1849இல் மூடப்பட்டு, லா வில்லெத் என்ற இடத்திலிருந்து பம்ப் வைத்துக் குழாய் வழியாக அதைப் பொந்தி காட்டுப் பக்கம் தள்ளினார்கள். பால்டிமோரில் படகுகளில் ஏற்றி வயல்களுக்கு அனுப்பினார்கள். எங்கே கொட்டினாலும் வண்டிக்காரர் அடிவால்வைத் திறந்து, நாலு குடம் வந்து, களக் களக் என்று நின்றுபோனால் காரணம் ஒன்றுதான்: மேலே காற்று நுழைய வழி திறக்கவில்லை. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்த கதை. மேல்மூடியைச் சட்டென்று முழுசாகத் திறக்காதீர்கள், அடுப்புக் குழாயின் வால்வை மெதுவாகத் திறந்தால் போதும். அப்படியும் வரவில்லை என்றால் அடிவால்வின் வாயில் கந்தல் நிற்கிறது. வெளியிலிருந்து குத்தாதீர்கள், குத்தியவர் நேராக எதிரில் நின்றிருப்பார். பக்கவாட்டில் நின்று, வால்வைப் பாதி மூடி, காற்றுப் பம்பைத் திருப்பி மாட்டி உள்ளே லேசாகக் காற்றடித்துத் தள்ளுங்கள். கந்தல் வந்துவிழுந்ததும் ஒரு வாளி தண்ணீர் உள்ளே ஊற்றி, வண்டியை நாலடி முன்னும் பின்னும் ஓட்டிக் குலுக்கி, மறுபடி திறந்துவிட்டு, மூடியின் வாஷரைத் துடைத்து மூடுங்கள்.